கல்ஹாத்துக்குக் கடல் வழி

தண்ணீரின் நடுவே உட்கார்ந்துகொண்டு தாகத்தால் தவிப்பது எப்படி இருக்கும் என்பதைச் சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் அறிந்துகொண்டேன். நாலா பக்கமும் சமுத்திரம். எதிரே செங்குத்தான பாறைக் கரை. ஓடத்தில் என்னோடு வந்த நண்பர், அதுவரை ஓயாது பேசிக்கொண்டு வந்தவர், திடீரென்று மௌனமானார். திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் வியர்வை இல்லை. "தம்பி, என்ன?" என்றேன். சம்பந்தமில்லாத ஏதோ ஒரு வார்த்தை பதிலாக வந்தது. எங்களிடமிருந்த குடிநீர் தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் நேயர்களுக்கு என்னைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஓமான் தேசத்தின் தலைநகரான மஸ்கத்தில், இந்தியக் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோளமும் சரித்திரமும் கற்பித்து வருகிறேன். வயது நாற்பத்தைந்து. சாகசச் செயல்களுக்கு ஏற்ற வயது அல்ல என்பது என் மனைவியின் அபிப்பிராயம். நண்பர் அதே பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். குளச்சலுக்கு அருகே கடலோரத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் கட்டுமரத்தில் போய் மீன் பிடித்தவர். ஆகவே கடலைப் பற்றி நான் புத்தகத்தில் படித்துச் சொல்வதையெல்லாம் அவர் புன்னகையோடு கேட்பார்; நம்பமாட்டார்.

எங்களுடைய வாகனம் 'கயாக்' என்னும் சிற்றோடம். வடதுருவத்தை அடுத்த பனி நாடுகளில் வாழும் இனூயிட் மக்கள், சட்டத்தின்மேல் சீல் என்னும் கடற்பிராணியின் தோலைப் போர்த்து, வேட்டைக்காகச் செய்துகொண்ட ஓடம் இது. இக்காலத்தில் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி நாரிலும் செய்கிறார்கள். நடுவேயுள்ள துவாரத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பினால் வலமும் இடமும் மாறி மாறித் தள்ளவேண்டும். முன்னும் பின்னும் சாமான் வைக்க அறைகள் உண்டு. பனிக்கட்டிக்கு இடையே செல்வதற்காகப் பிறந்த ஓடத்தை உலகத்தின் மிக உஷ்ணமான கரைகளில் ஒன்றுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம்! "எங்க கட்டுமரத்துக்கு இது தம்பிதான், ஸார். அலை மேலே வந்தா வரட்டும், போனா போகட்டும்னு கிடக்கும்" என்பார் நண்பர். கட்டுமரம் என்ற நம் சொல்லையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு இரட்டை ஓடத்துக்கெல்லாம் பெயராக வைத்துவிட்டார்கள் என்று நான் பதிலுக்குச் சொல்வேன். அதில் இருவருக்கும் திருப்தி.

அன்றைக்கு நாங்கள் போயிருந்தது மஸ்கத்துக்குத் தென்கிழக்கே உள்ள பந்தர் கைரான் என்னும் இடம். மலை கடலுக்குள் விரல்களை நீட்டியது போலிருக்கும். விரல்களுக்கு நடுவே அமைதியான கழிகள். சில கழிகளில் அலையாத்திச் செடிகள். அரை நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணி, இருவருக்குமாக ஆறு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். நண்பகலில் கடற்காற்று எதிர்த்து வீசத் தொடங்கியது. ஒரு மணியில் வந்த தூரத்தைக் கடக்க மூன்று மணி ஆயிற்று. ஆறு லிட்டரும் அதில் போய்விட்டது.

நண்பரை ஒரு கழிக்குள் இழுத்துச் சென்று, ஓடத்திலிருந்து இறக்கி, கழுத்தளவு கடல் நீரில் உட்காரவைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஓமானியக் கிழவர் ஒருவர் இயந்திரப் படகில் வலை எடுக்க வந்தார். எங்களை ஒரு முறை பார்த்தார். "மாய்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அரபு மொழியில் அது தண்ணீர். தம்முடைய குப்பியையும், ஒரு கைப்பிடி பேரீச்சம் பழத்தையும் கொடுத்து, நண்பருக்கு நினைவு தெளியும் வரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எங்கள் ஓடங்களைத் தம் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்தார். பணம் கொடுக்கப் போனேன். கையை மார்பில் வைத்துக்கொண்டு மறுத்துவிட்டார்.

இத்தனைக்கும் பிறகு மறுபடியும் ஓடம் ஏறத் துணிந்தீர்களா என்று கேட்பீர்கள். துணிந்தோம். ஆனால் இந்தத் தடவை ஆறு மாத காலம் திட்டமிட்டோம். அந்தத் திட்டத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மஸ்கத்திலிருந்து தென்கிழக்கே, குரையாத் என்ற ஊரைத் தாண்டி, ஸூர் துறைமுகம் வரை செல்லும் கரையை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். கிழக்கு ஹஜர் மலைத்தொடர் அங்கே கடலை நெருங்கி வருகிறது. ஹஜர் என்றாலே அரபு மொழியில் கல் என்று பொருள். பெயருக்கு ஏற்ப மரமோ புல்லோ இல்லாத, சாம்பலும் காவியும் கலந்த மலை. மஸ்கத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லி மீட்டர். நம் சென்னையில் ஏறக்குறைய 1,400. கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, மழைக்கு என்ன குறை என்று என் மாணாக்கர்கள் கேட்பதுண்டு. உயரத்திலிருந்து கீழிறங்கும் காற்று இப்பிரதேசத்தை ஆண்டின் பெரும்பகுதி மூடியிருக்கிறது. கடலின் ஈரம் மேலெழுந்து மேகமாவதற்கு அது இடங்கொடுப்பதில்லை. ஈரம் கரையிலேயே தங்கிப் புழுக்கமாகிறது. வியர்வை சொட்டும், உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உள்நாட்டுப் பாலைவனத்தைவிடக் கடலோரப் பாலைவனம் பொல்லாதது என்பதற்கு இதுவே காரணம்.

2018 ஜூன் 26ஆம் தேதி குரையாத்தில் ஓர் இரவு முழுவதும் உஷ்ணம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. பகலில் அல்ல, இரவில்! நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தின் நடுப்பகல் அவர்களுக்கு அன்று நள்ளிரவாயிற்று. ஆகவே முதல் முடிவு எளிதாக ஏற்பட்டது: பயணம் ஜனவரி மாதத்தில். அப்போது பகலில் 25 டிகிரி, இரவில் 17 அல்லது 18. மார்கழிக் குளிர் என்று சொல்லிக் கம்பளி போர்த்திக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு தூரம் என்பது. குரையாத்திலிருந்து ஸூர் வரை சுமார் 100 கிலோ மீட்டர்; ஐந்து நாள் என்றார் நண்பர். நான் மறுமொழியாக அவரிடம் ஒரு பழைய கதையைச் சொன்னேன்.

ஏறத்தாழ 1330ஆம் ஆண்டில், பிற்காலத்தில் நம் மதுரைக்கும் வந்து சென்ற இபுன் பதூதா என்ற மொராக்கோ தேச யாத்திரிகர், கப்பலில் ஸூருக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து பார்த்தால் மலைச்சரிவில் கல்ஹாத் நகரம் தெரிந்தது. அது அந்நாளில் பெரும் துறைமுகம். இதோ இருக்கிறதே, நடந்தே போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பிற்பகலுக்குள் போய்ச் சேரலாம் என்று ஊராரும் சொன்னார்கள். கப்பலாள் ஒருவனை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, கிதுர் என்ற இந்திய நண்பர் ஒருவருடன் புறப்பட்டார். வழிகாட்டிக்கோ அவருடைய துணிமூட்டையின்மேல் கண். கடற்கழி ஒன்றை நீந்திக் கடக்கச் சொல்லி, மூட்டையோடு ஓடிவிடப் பார்த்தான். அந்த ஆபத்துக்குத் தப்பிப் பாலை வழியே நடந்தால் தாகம் பிராணனை வாங்கியது. தெய்வாதீனமாகக் குதிரையில் வந்த ஒருவரின் கூட்டத்தார் தண்ணீர் கொடுத்தார்கள். நகரம் எதிரேதான் தெரிந்தது. ஆனால் நடுவே பள்ளத்தாக்கு மேல் பள்ளத்தாக்காக மைல் கணக்கில் குறுக்கிட்டது. இரவு முழுதும் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்து, மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தபோது கால்கள் வீங்கி நகக்கண்ணில் இரத்தம் கசியும் நிலை. ஆறு நாள் கல்ஹாத்தில் படுத்துக் கிடந்தார். அங்கே இலைமேல் வைத்துச் சுட்ட மீனும் சோறும் சாப்பிட்டதாகவும், அரிசி இந்தியாவிலிருந்து வந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

ஸூருக்கும் கல்ஹாத்துக்கும் நேர்க்கோட்டில் இருபத்திரண்டு கிலோ மீட்டர் இருக்கலாம். அவ்வளவே! உலகத்தைச் சுற்றியவருக்கு அந்த இருபத்திரண்டு ஆறு நாள் படுக்கையை அளித்தது. மாசற்ற வறண்ட காற்றில் எட்டத்து மலையும் கிட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும். இக்கரையில் கண் சொல்லும் தூரத்தை நம்பக்கூடாது.

கதையைக் கேட்டு நண்பர் நெடுநேரம் யோசித்தார். "அந்த வழிகாட்டி ஊர்க்காரனா, வெளியூர்க்காரனா, ஸார்?" என்று கேட்டார். அவருடைய கவலை வேறு. ஆயினும் ஐந்து நாள் மூன்று நாளாகக் குறைந்தது. பீமா என்ற சிற்றூரிலிருந்து ஃபின்ஸ், சுமார் இருபது கிலோ மீட்டர். ஃபின்ஸிலிருந்து தீவி, பன்னிரண்டு. தீவியிலிருந்து கல்ஹாத், பதினெட்டு. அதற்கு அப்பால் ஸூருக்குச் செல்லும் வழியில், 2000ஆம் ஆண்டு முதல் இயற்கை வாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றும் பெருந்தொழிற்சாலை இருக்கிறது. மலை போன்ற கப்பல்கள் வந்து நிற்கும் அந்த இடத்தை நெருங்குவது சட்டத்துக்கும் உயிருக்கும் பொருந்தாது. இபுன் பதூதா பட்ட பாட்டைக் கடல் மார்க்கமாகப் படவேண்டும் என்ற என் ஆசை நிறைவேறாது போயிற்று. கல்ஹாத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கல்ஹாத்தில் நமக்கும் ஒரு பாத்தியதை உண்டு. அந்தத் துறைமுகத்திலிருந்து நல்ல குதிரைகள் இந்தியாவுக்கு ஏற்றுமதியானதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். தாமிரபருணிக் கழிமுகத்தில் இருந்த காயலில் அரபு நாட்டுக் குதிரைக் கப்பல்கள் வந்து நின்றதையும், பாண்டிய மன்னர்கள் அவற்றைக் கொள்ளை விலை கொடுத்து வாங்கியதையும் அவரே சொல்கிறார். மணிவாசகர் குதிரை வாங்கப் புறப்பட்ட கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த நமக்கு, குதிரை ஏறிய கரை எது என்று பார்த்துவர ஆசை எழாதா? 1508ல் போர்த்துகீசியத் தளபதி ஆல்புகர்க் நகரைச் சூறையாடித் தீயிட்டான். இன்று பீபி மரியம் என்ற சீமாட்டியின் பெயரால் வழங்கும் சமாதி மண்டபம் ஒன்றே முக்கியமாக நிமிர்ந்து நிற்கிறது. மற்றவை கற்குவியல். 2018ல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்தக் கற்குவியலைச் சேர்த்தது.

இனி, தண்ணீருக்கு வருவோம். பயணத் திட்டம் என்று நான் சொல்வதில் முக்கால் பங்கு தண்ணீர்க் கணக்கே. ஓமான் கடலின் நீரில் லிட்டருக்குச் சுமார் 37 கிராம் உப்பு. நம்முடைய சிறுநீரகம் அவ்வளவு கெட்டியான உப்பை வெளியே தள்ளும் சக்தி வாய்ந்ததன்று. ஒரு லிட்டர் கடல் நீரைக் குடித்தால், அதன் உப்பைக் கழுவ ஒரு லிட்டருக்கு மேல் உடம்பிலுள்ள நல்ல நீர் செலவாகும். ஆகவே குடிக்கக் குடிக்கத் தாகம் வளரும். பனிக்காலத்திலும் ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஐந்து லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இருவர், மூன்று நாள், முப்பது லிட்டர். காற்று மறித்துக் கரையில் ஒரு நாள் முடங்கினால் அதற்குப் பத்து. ஆக நாற்பது லிட்டர். நாற்பது கிலோ எடை. பத்து லிட்டர்ப் பாத்திரம் நான்கு என்று வைக்காமல், இரண்டு லிட்டர்க் குப்பி இருபது என்று வைத்தோம். பாறையில் மோதி ஒன்று ஓட்டையானால் ஒன்றோடு போகும். இரு ஓடங்களிலும் சமமாகப் பங்கிட்டோம். ஓர் ஓடம் கவிழ்ந்து போனாலும் மற்றதில் பாதி இருக்கும்.

"தீவிக்குப் பக்கத்திலே வாதி ஷாப்னு ஓடை இருக்கே, ஸார். வருஷம் பூரா தண்ணி கிடக்குமே" என்றார் நண்பர். இருக்கிறது, மலை இடுக்கில் பச்சை மணி போன்ற நீர்நிலைகள். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் நூறு பேர் அதில் குளிக்கிறார்கள். ஆடுகளும் குளிக்கின்றன. காய்ச்சிக் குடிக்கலாம், கணக்கில் சேர்க்கலாகாது என்றேன். பீமாவில் நிலம் உள்வாங்கி உண்டான கிணறு போன்ற அழகிய பள்ளத்தின் நீரோ உப்புக் கலந்தது. பார்த்துவிட்டு வரலாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, "ரோடு பக்கத்திலேதானே போகுது? நானும் பையனும் காரிலே வந்து ஃபின்ஸிலேயும் தீவியிலேயும் தண்ணி கொடுத்துட்டுப் போறோமே" என்றாள்.

ஆறு மாதத்துத் திட்டத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை இது! குரையாத்திலிருந்து ஸூர் வரை அருமையான நெடுஞ்சாலை கடலை ஒட்டிச் செல்கிறது. நண்பருக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. "கார் பின்னாலே வர்றதுன்னா அது பிக்னிக், ஸார்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழுத்தளவு நீரில் ஒருவர் தலையைத் தாங்கி நின்றவனுக்குக் கௌரவம் இரண்டாம் பட்சம். ஆயினும் சாலையை முழுதும் நம்பவும் கூடாது. பல இடங்களில் சாலைக்கும் கடலுக்கும் நடுவே செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. அலை அடியைக் குடைந்து மேலே கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே விபத்து நேர்ந்தால் கார் தலைக்குமேல் போய்க்கொண்டிருக்கும்; நாம் கீழே கிடப்போம். ஆகையால் எப்போதும் இரண்டு நாள் தண்ணீர் ஓடத்தில் இருக்க வேண்டும்; கார் கொண்டுவருவது அதற்கு மேற்பட்டது என்று ஒப்பந்தமாயிற்று.

கரையிறங்கும் இடங்களை வானிலிருந்து எடுத்த படத்தில் குறித்துக்கொண்டு, இரண்டு விடுமுறை நாட்களில் நேரில் போய்ப் பார்த்தோம். குறித்தவை ஒன்பது. அவற்றில் மூன்று உதவாதவை. படத்தில் வெண்மணலாகத் தெரிந்தது, நேரில் தலை பெரிது கூழாங்கல். இரவு தங்குவதற்கு ஓடை வாயில் மணற்பரப்பு மெத்தை போலிருக்கும். அங்கேதான் தங்கக்கூடாது. எங்கோ மலையில் பெய்யும் மழை, இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். 2007 ஜூனில் வந்த 'கோனு' புயலில் ஓமானில் ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். இந்த ஓடைகள் அன்று பாலைவனத்து ஓடைகளாக இல்லை.

காற்றைப் பற்றி நண்பரே ஆசிரியர், நான் மாணவன். வாடை, கொண்டல், கச்சான் என்று அவர் ஊர்ப் பெயர்களாலேயே இக்கடலின் காற்றையும் அடையாளம் சொல்வார். நீரோட்டத்தை நீவாடு என்பார். விடியலில் கரைக்காற்று மெல்ல வீசும். பத்து மணிக்குமேல் கடற்காற்று கிளம்பும். ஆகவே ஆறே முக்காலுக்குச் சூரியன் எழும்போது புறப்பட்டு நண்பகலுக்குள் கரையேறிவிட வேண்டும். மணிக்கு ஐந்து கிலோ மீட்டர் செல்லலாம் என்று நூல்கள் கூறுகின்றன. நான் நான்கு என்றே போட்டேன். பனிக்காலத்தில் வடமேற்கிலிருந்து 'ஷமால்' என்ற காற்று சில நாட்கள் தொடர்ந்து வீசுவதுண்டு. ஷமால் என்றால் வடக்கு என்றே பொருள். அது வந்துவிட்டால் எந்தக் கணக்கும் செல்லாது.

கடைசியாக ஒரு விதி எழுதினோம். இருவரில் எவர் வேண்டாம் என்றாலும் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. சென்ற ஆண்டு பந்தர் கைரானில், திரும்பிவிடலாமா என்று நண்பருக்குப் பத்து மணிக்கே தோன்றியதாம். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டார். அவர் சும்மா இருந்ததைக் கண்டு நானும் சும்மா இருந்தேன்! இதை அவர் சொல்லக் கேட்டபோது, ஆறு லிட்டர்க் கணக்கைவிட இதுதான் பெரிய பிழை என்று எனக்குப் பட்டது. பயண விவரத்தையும் எங்கள் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதி கடற்காவல் படையினருக்கும் ஒன்று என் மனைவிக்கும் என்று ஏற்பாடு செய்தோம். அந்தத் தாளின் அடியில் இந்த விதியும் இருந்தது.

ஜனவரி மாதம், பள்ளி விடுமுறை. இருட்டோடு பீமாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓடங்களை இறக்கினோம். இருபது குப்பிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே அடுக்கினோம். கிழக்கே வெளுத்தது. என் மகன் படம் பிடிக்கத் தயாராக நின்றான். நான் உயிர்க்காப்புச் சட்டையை மாட்டி, துடுப்பையும் கையில் எடுத்துவிட்டேன். நண்பர் மட்டும் தண்ணீரில் முழங்காலளவு நின்று, வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். கரையோரத்தில் அலை இல்லை. வெகு தொலைவில், அடிவானத்தில் மட்டும், பல் வரிசை போல வெண்மையாக ஏதோ மின்னி மின்னி மறைந்தது.

"ஸார், இன்னைக்கு வேண்டாம்" என்றார்.

எனக்குக் கேட்கத்தான் வாய் வந்தது. ஆறு மாதம்! ஆனால் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. துடுப்பைக் கீழே வைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் ஷமால் கரையைப் பிடித்துக்கொண்டது. கார்க் கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எங்கள் குப்பிகளில் ஒன்றை உடைத்து, பாறை மறைவில் அடுப்பு மூட்டி, என் மனைவி தேநீர் போட்டாள். மிச்சம் பத்தொன்பது குப்பிகள் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் வரிசையாக நிற்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் வீட்டில் குழாய் வரவில்லையா என்று விசாரிக்கிறார்கள். அடுத்த விடுமுறை பிப்ரவரியில் இரண்டு நாள்தான். ஃபின்ஸிலிருந்து தீவி வரை மட்டும் போய் வரலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு கிலோ மீட்டர். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.